மெத்தை வைத்த கால்சட்டை

யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சறுக்குவதற்கென்றே மூன்று நாள் ரயிலேறிப் போகிறவர்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அப்படிப் போனவர்கள் நாங்கள் ஆறு பேர். பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், பழைய மாணவியர் சங்கத்தின் பொருளுதவியாலும் தலைமைச் சகோதரியின் ஆசியாலும், உடற்கல்வி ஆசிரியையின் துணையோடு பிப்ரவரி மாதத்தில் காஷ்மீரத்துக்குச் சென்று, குல்மார்க்கில் இரண்டு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சி பெற்றுத் திரும்பினோம்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, தால் ஏரியையும் சினார் மரங்களையும் வெள்ளிப் பனிமலைகளையும் பற்றி எழுதுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எழுதாதவர் யார்? நாங்கள் எழுத விரும்பியது ஒரு கால்சட்டையைப் பற்றி. சிஸ்டரின் புருவம் சற்றே உயர்ந்தது. விஷயத்தை முழுவதும் கேட்ட பிறகு, "எழுதுங்கள். ஆனால் நாகரிகமாக எழுதுங்கள்" என்றார்கள். முயன்றிருக்கிறோம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஸ்கீ என்பது காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட பட்டைகள். ஊன்றிக்கொள்ளக் கையில் இரண்டு கோல்களும் உண்டு. நாங்கள் பயின்ற ஸ்னோபோர்டில் இருப்பது ஒரே பலகை. இரண்டு பாதங்களையும் அதன்மேல் குறுக்காக வைத்து வார்ப்பட்டையால் இறுக்கிவிடுவார்கள். கோல் கிடையாது. 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்னும் ஊரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் பெண் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட இரண்டு ஸ்கீ பட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அதுவே இதன் தொடக்கம். அவருடைய மனைவி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயரிட்டார். பெண் குழந்தைகளுக்காகப் பிறந்த அந்த விளையாட்டு, 1998இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக் பந்தயமாயிற்று. 2018இல் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கில் குளோயி கிம் என்ற அமெரிக்கப் பெண் இதில் தங்கப் பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 17. எங்கள் வயதுதான்! இதைச் சொல்லித்தான் எங்கள் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தோம்.

பெற்றோரிடம் அப்போது நாங்கள் சொல்லாதது ஒன்று உண்டு. எங்களுக்கே அது தெரியாது. இந்த விளையாட்டில் முதல் பாடம் விழுவது. இரண்டு பாதங்களும் ஒரே பலகையில் கட்டுண்டு கிடப்பதால், தடுமாறும்போது ஒரு காலைப் பின்னே வைத்துச் சமாளிக்க முடியாது. விழுந்தால் வெட்டிய வாழைமரம்தான். ஸ்கீயின் பூட்டு விழும்போது தானே கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டின் பூட்டு அப்படிக் கழலாது. பலகைக்குக் கால்விரல் பக்கம் ஒரு விளிம்பும் குதிகால் பக்கம் ஒரு விளிம்பும் உண்டு. மேட்டைப் பார்த்து நிற்கையில் குதிகால் விளிம்பு பனியைக் கடித்துவிட்டால், நினைப்பதற்குள் மல்லாந்து விழுவோம். பள்ளத்தைப் பார்த்துக் குதிகாலில் ஊன்றி நிற்கையில் பலகை வழுக்கினால், தொப்பென்று உட்காருவோம். ஆகவே, கற்றுக்கொள்கிறவர் முதல் நாட்களில் எதைக்கொண்டு நிலத்தைச் சந்திக்கிறார் என்பதை வாசகியர் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தின் நடுவில், முதுகெலும்பின் கடைசி நுனியில், வால் எலும்பு இருக்கிறது. பெரும்பாலும் நான்கு சிறு எலும்புகள் ஒன்று சேர்ந்தது அது. அதன் உருவம் குயிலினப் பறவை ஒன்றின் அலகைப் போல் இருப்பதால், கிரேக்கர் அப்பறவையின் பெயரையே அதற்கு இட்டார்கள். நுனியிலே அது மெல்லியது. மேலே சதைப் பாதுகாப்பும் அதிகமில்லை. பெண்களின் இடுப்பெலும்பு அகன்றிருப்பதால் அது இன்னும் வெளிப்பட்டு நிற்கிறது. வால் எலும்பு வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உயிரியல் பாடத்தில் இந்த எலும்பு வந்தபோது வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்து சிரித்தது எங்களுக்கு நினைவிருக்கிறது.

பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் ஜனவரியில் வந்தது. தலைக்கவசமும் காலணியும் பலகையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மணிக்கட்டுக் காப்பும் மெத்தை வைத்த அரைக்கால் சட்டையும் அவரவர் கொண்டுவருவது நல்லது என்று அதில் இருந்தது. உள்ளே அணிந்துகொள்ளும் இறுக்கமான சட்டை அது; வால் எலும்பின்மீதும் இரண்டு இடுப்புப் பக்கங்களிலும் தொடைகளிலும் திண்டு வைத்துத் தைத்திருக்கும். கடையில் விசாரித்தால் இரண்டாயிரம், மூவாயிரம் என்றார்கள். எங்களில் ஒருத்தியின் தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். இன்னொருத்திக்குத் தந்தை இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு சட்டைக்கு இத்தனை ரூபாயா என்று வீட்டில் கேட்டதில் நியாயம் உண்டு. "இல்லாமலே சமாளித்துக்கொள்கிறோம் டீச்சர்" என்று ஆறு பேரும் சேர்ந்தே சொல்லிவிட்டோம்.

அப்போதுதான் தையல் ஆசிரியை விஷயத்தில் நுழைந்தார்கள். பட்டியலிலிருந்த படத்தை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு விலை?" என்றார்கள். மறுநாள் மாலை எங்களை வரிசையாக நிறுத்தி அளவு நாடாவால் அளந்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அணியும் மலிவான இறுக்கக் கால்சட்டை ஆறு வந்தது. உள்ளே பைகள் தைத்தாயிற்று. பைக்குள் வைக்க எது? பழைய மெத்தையின் ரப்பர் பஞ்சைத்தான் முதலில் வெட்டிப் பார்த்தோம். தையல் ஆசிரியை அதைக் கட்டைவிரலால் அழுத்தினார்கள். விரல் நேரே மேஜையைத் தொட்டது. "உன் விரலுக்கே வழிவிடுகிற பஞ்சு, உன் எடைக்கு எப்படி நிற்கும்?" என்றார்கள். எங்களுக்கு அது புதிய செய்தி. மிருதுவாக இருப்பதெல்லாம் காப்பாற்றும் என்று நினைத்திருந்தோம்! கடைசியில் யோகாசன விரிப்பு ஒன்றை வாங்கி வெட்டினோம். ஆறு மில்லிமீட்டர் கனம், நீரை உறிஞ்சாது, அழுத்தினால் மெல்ல விட்டுக்கொடுக்கும். நடுவில் மூன்று அடுக்கு, பக்கங்களில் இரண்டு அடுக்கு. அடுக்குகளைக் கழற்றிக் காயவைக்கும்படி பையின் வாயில் ஒட்டுப்பட்டை.

பரீட்சித்துப் பார்க்க வேண்டாமா? விடுதித் தாழ்வாரத்தில், மாலைப் படிப்பு நேரம் தொடங்குமுன், பெஞ்சின் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஒவ்வொருத்தியாகத் தொப்பென்று உட்கார்ந்தோம். சத்தம் கேட்டு விடுதிச் சிஸ்டர் ஓடிவந்தார்கள். "என்னம்மா இது, ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டா காஷ்மீருக்குப் போகிறீர்கள்?" என்றவர்கள், விளக்கத்தைக் கேட்ட பின், "அப்படியானால் இன்னும் ஓர் அடுக்கு வையுங்கள்" என்றார்கள். நான்கடுக்கு வைத்தால் நடக்க முடியாது என்று தெரிந்தது. மூன்றே நின்றது.

இயற்பியல் ஆசிரியை எங்களுக்காகக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இடுப்பு நிலத்திலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்க. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர். கட்டிப் பனியில் விழுந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் உடல் நின்றுவிட்டால், தாக்கும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு. திண்டு இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் விசை பாதியாகிவிடும். பந்தைப் பிடிக்கிறவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதே சூத்திரம்தான் என்றார்கள். ஒரு சென்டிமீட்டரில் நாற்பது மடங்கு! யோகாசன விரிப்பின்மீது எங்களுக்கு மரியாதை பிறந்தது அன்றுதான்.

பிரயாணக் கதையை விரித்தால் மலரில் இடம் போதாது. காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ஓடும் ரயிலில், ஆற்றுப் படுகைக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்தோம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். குல்மார்க் என்றால் மலர்ப் புல்வெளி என்று பொருள். நாங்கள் போனபோது மலரும் இல்லை, புல்லும் இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,650 மீட்டரில், கண் கூசும் வெண்மை மட்டுமே இருந்தது. பல மாநிலங்களிலிருந்தும் மாணவியர் வந்திருந்தார்கள்.

முதல் நாள் காலை, உள்ளாடை, கம்பளி உள்சட்டை, எங்கள் மெத்தைக் கால்சட்டை, அதன்மேல் வாடகைக்கு எடுத்த பனிக் கால்சட்டை என்று நான்கு அடுக்கோடு வெளியே வந்தோம். எங்கள் அளவுக் கால்சட்டைக்குப் பொத்தான் எட்டவில்லை. ஓரளவு பெரியதாக மாற்றி வாங்க வேண்டியிருந்தது. நடை வாத்து நடையாகிவிட்டது. பிற மாநிலத்து மாணவியர் முதலில் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். எங்களில் இருவர், நாளைக்கு இதைப் பெட்டியிலேயே வைத்துவிடலாமா என்று யோசனை கேட்டார்கள். பயிற்சியாளர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சிரித்தவர்களைப் பார்த்து, "மாலையில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள் என்று பார்ப்போம்" என்றார்.

அவர் முதலில் கற்பித்தது நிற்பதையன்று, விழுவதை. பின்னால் சாயும்போது முகவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து உருள வேண்டும். கையைப் பின்னே ஊன்றக்கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். ஸ்னோபோர்டு பழகுகிறவர்களுக்கு அதிகமாக முறிவது மணிக்கட்டுத்தானாம். அன்று நண்பகலுக்குள் நாங்கள் அறுவரும் சேர்ந்து விழுந்தது 41 தடவை. எண்ணியவர் உடற்கல்வி ஆசிரியை. நாங்களானால் பத்தோடு நிறுத்தியிருப்போம். பலகையை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் பனியிலேயே உட்கார வேண்டும் என்பதால், அந்தத் திண்டு குளிரையும் தடுத்தது. காஷ்மீரத்தார் ஃபெரன் அங்கிக்குள் காங்கடி என்னும் நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு யோகாசன விரிப்பு. ஒரே கஷ்டம் கழிப்பறைக்குப் போவது. நான்கு அடுக்கையும் உறைந்த விரல்களால் கழற்றி மாட்டுவதற்குள் ஒரு பாடவேளை ஓடிவிடும். அதைப் பற்றி இதற்குமேல் எழுதுவது நாகரிகமாகாது.

இரவு கட்டைவிரல் முதல் கழுத்து வரை வலித்தது. ஆனால் ஆறு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எங்கள் அறைக்கு அடுத்த அறையில் மத்தியப் பிரதேசத்து மாணவி ஒருத்தி இருந்தாள். எங்களைவிட ஒரு வயது இளையவள். சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆயினும் நல்ல பெண். இரண்டாம் நாள் காலை அவள் சிற்றுண்டியை நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஜன்னல் வழியே மலையைப் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தோம். மதியமும் நின்றாள். மலைச்சரிவில், மற்றவர்கள் உட்கார்ந்து பலகையை மாட்டும்போது, இவள் முழங்காலிட்டு மாட்ட முயன்றாள். என்ன என்று கேட்டதற்குக் கால் பிடித்துக்கொண்டது என்றாள். மூன்றாம் நாள் மாலை, வகுப்பறையில் எல்லோரும் உட்கார்ந்த பின் அவள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றாள். பயிற்சியாளர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது; வாயைத் திறக்கவில்லை.

அவளைப் பார்த்தபோது எங்களுக்கு நம் பள்ளியின் நினைவு வந்தது. நம்மில் எத்தனை பேர் எந்த வலியானாலும் "வயிற்று வலி சிஸ்டர்" என்று சொல்லிச் சமாளிக்கிறோம்! சொல்லத் தகுந்த வலிகள் என்று சில இருக்கின்றன. தலை, பல், வயிறு, கால். மற்றவற்றை மறைத்துக்கொள்ள யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை, தானாகவே கற்றுக்கொள்கிறோம். அவளும் அப்படித்தான் கற்றிருந்தாள். அறைக்கு அழைத்துச் சென்று, கதவைத் தாழிட்டு, எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டோம். எங்களில் ஒருத்தி சொல் கிடைக்காமல், தன் மெத்தைக் கால்சட்டையையே எடுத்து நடுத் திண்டைத் தொட்டுக் காட்டினாள். இங்கேயா? அவள் தலையசைத்தாள். முதல் நாள் மூன்றாவது விழுதலிலேயே பட்டதாம். ஆண் பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வது? உடன் வந்த ஆசிரியரும் ஆண். தாயாரிடம் தொலைபேசியில் சொல்லலாம் என்றால், பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். மூன்று நாள், அந்த வலியோடு, இன்னும் எத்தனையோ தடவை அதே இடத்தில் விழுந்திருக்கிறாள்.

எங்கள் ஆசிரியையிடம் சொன்னோம். அடுத்த அரைமணிக்குள் ஏற்பாடுகள் ஆயின. கீழே டங்மர்க்குக்கு அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுத்ததில், வால் எலும்பில் கீறல் விட்டிருப்பது தெரிந்தது. அதற்குக் கட்டுப் போட முடியாது, மாவுக்கட்டும் இல்லை. மாத்திரை, ஓய்வு, உட்காரும்போது அந்த எலும்பின்மீது பாரம் விழாத இருக்கை, அவ்வளவுதான் வைத்தியம். ஆற வாரக்கணக்காகும். அவள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதுவோ ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட பிரயாணம், அதுவும் உட்கார்ந்து!

பின்பக்கம் வெட்டுவிட்ட, லாடத்தின் உருவத்திலான திண்டு வேண்டும் என்று மருத்துவர் கடிதத்தில் வரைந்து கொடுத்திருந்தார். அந்தப் பனியில் அதற்கு எங்கே போவது? அன்றிரவு எங்கள் சட்டை ஒன்றிலிருந்து திண்டுகள் அத்தனையும் வெளியே வந்தன. நாங்கள் கொண்டுபோயிருந்த தையல் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. மூன்றடுக்கையும் இரண்டடுக்கையும் சேர்த்து அடுக்கி, நடுவில் பின்பக்கமாக வெட்டுவிட்டு, ஒரு பழைய துப்பட்டாவில் பொதிந்து தைத்தோம். அவள் அதன்மீது மெல்ல உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நன்றாகவே உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.

அதன்பின் ஆறு பேருக்கு ஐந்து சட்டைகள். முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒருத்தி பலகையை விட்டுவிட்டுப் புகைப்படம் எடுக்கும் வேலையைப் பார்த்தோம். சிரித்த மாணவியரில் இருவர் எங்கள் சட்டையைப் புரட்டிப் பார்த்து அளவு குறித்துக்கொண்டு போனதையும் சொல்ல வேண்டும். பயிற்சி முடியும்போது அறுவரும் பழகுசரிவின் உச்சியிலிருந்து அடிவரை, இரு பக்கமும் திரும்பித் திரும்பி, விழாமல் வந்தோம். அறுவரில் ஒருத்தி கடைசி நொடியில் விழுந்தாள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உயர்ந்த விலைச் சட்டைகளில் வேறு விதத் திண்டு உண்டு என்பதையும் அங்கேதான் பார்த்தோம். ஆரஞ்சு நிறத்தில், விரலால் அழுத்தினால் களிமண் போல் இளகும். ஓங்கிக் குத்தினால் இறுகிவிடும். கார்ன்ஃபிளவர் மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, மெல்லத் தொட்டும் பிறகு குத்தியும் பார்த்தால் இந்த விந்தை விளங்கும். பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் பாமர் என்பவர் 1999இல் இம்முயற்சியைத் தொடங்கினார். அவரும் ஸ்னோபோர்டு பழகியவராம். அவ்வளவு மெல்லியதாக நம் யோகாசன விரிப்பு இருக்காது. எந்தத் திண்டும் முழுக் காப்பு அன்று என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். மரத்தில் மோதினால் அது உதவாது. தலைக்கவசத்துக்கும் மணிக்கட்டுக் காப்புக்கும் அது மாற்று ஆகாது. உட்கார்ந்து விழும் அடியைத்தான் அது தாங்கும். அதற்கென்றே பிறந்தது.

ஊர் திரும்பி இக்கதையை வீடுகளில் சொன்னோம். பலரும் சிரித்தார்கள், பிறகு அந்தப் பெண்ணை நினைத்து உச்சுக் கொட்டினார்கள். எங்களில் ஒருத்தியின் பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், எல்லோரும் எழுந்து போன பிறகு பேத்தியை அருகே அழைத்தார். தீபாவளிக்கு முதல் நாள் துவைக்கிற கல்லருகே பாசி வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தாராம். அன்று முதல் திண்ணையில் ஒருக்களித்தே உட்காருகிறார். இடுப்புப் பிடிப்பு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். மறுவாரம் தாயும் மகளுமாக மருத்துவரிடம் போய் வந்தார்கள். இப்போது பாட்டியிடமும் லாட உருவத்தில் ஒரு திண்டு இருக்கிறது. அதை நாங்கள் கொஞ்சம் சிங்காரமாகவே தைத்தோம், ஓரத்தில் சரிகை வைத்து.

மத்தியப் பிரதேசத்து மாணவியிடமிருந்து ஏப்ரலில் செய்தி வந்தது. பரீட்சையைத் திண்டின்மேல் உட்கார்ந்து எழுதினாளாம். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி போகப்போகிறாள். சட்டையின் காகித மாதிரியை அனுப்பும்படி கேட்டிருந்தாள். தையல் ஆசிரியை அதை வரைந்து, ஒரு பிரதியை அஞ்சலில் சேர்த்துவிட்டு, மற்றொன்றைத் தையல் அறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஐந்து சட்டைகள் துவைத்து உடற்கல்வி அறையின் இரண்டாவது அலமாரியில் இருக்கின்றன. இடுப்பளவு 26 அங்குலம் முதல் 32 வரை. ஸ்கேட்டிங் பழகும் எட்டாம் வகுப்புத் தங்கைகள் இருவர் ஏற்கெனவே கேட்டு வந்தார்கள். திண்டுகளைக் கழற்றிய பிறகே துவைக்க வேண்டும். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.